திதி தெரியும், தேதி தெரியாது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாயைப் பெற்ற பாட்டனார் சுபானு வருடம் மாசி மாதம் தேய்பிறைச் சப்தமியன்று, மாயவரத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் காலமானார். என் மாமா வீட்டில் இன்றும் அந்தத் திதியில் திவசம் கொடுக்கிறார்கள். ஆங்கிலத் தேதி எவருக்கும் தெரியாது. குடும்ப வரலாற்றை எழுதிவரும் நான் அவருடைய இறப்புப் பதிவை அரசு ஆவணங்களில் தேட முடியுமா? பேத்திக்கு அந்த உரிமை உண்டா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உரிமை உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பதிவேட்டைத் தேடச் சொல்லி, அதிலுள்ள பதிவின் நகலைப் பெறலாம் என்கிறது. ஆனால் தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் விதிக்கப்படுவதால், ‘நாற்பதுகளில் ஏதோ ஒரு வருடம்’ என்று மனு எழுதினால் செலவும் கூடும், தேடுபவருடைய பொறுமையும் குறையும். ஆகவே அலுவலகத்துக்குப் போகும் முன்பே வீட்டில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

தங்கள் குடும்பம் காத்துவந்த திதியே இந்தத் தேடலின் திறவுகோல். தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தங்கள் பாட்டனாரின் காலத்துக்குப் பொருந்தும் சுபானு, 1943 ஏப்ரல் நடுவில் பிறந்து 1944 ஏப்ரலில் முடிந்தது. மாசி அந்த வருடத்தின் பதினோராம் மாதமாதலால், தேட வேண்டியது 1944ஆம் ஆண்டின் பதிவேட்டையே அன்றி 1943ஐ அன்று. தை, மாசி, பங்குனியில் இறந்தவர்களைத் தேடுவோர் பலர் இந்த இடத்தில்தான் ஓராண்டு பின்தங்கிவிடுகிறார்கள். அந்த மாசியில் தேய்பிறைச் சப்தமி பிப்ரவரி நடுவில் வந்தது. பழைய பஞ்சாங்கம் ஒன்றைப் பார்த்தால் நாள் துல்லியமாகக் கிடைக்கும். அப்படிக் கிடைத்தாலும் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் திதி நள்ளிரவில் மாறுவதில்லை, ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடுகிறது. இறந்த நாளும் பதிந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை என்பதால், அடுத்த சில வாரங்களின் பக்கங்களையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது ஊர். 1944இல் தங்கள் கிராமம் தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகாவில் இருந்தது. மாயவரம் பின்னர் மயிலாடுதுறை என்று பெயர் மாறியது. அப்பகுதி 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும், 2020இல் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்கும் போயிற்று. மனுவில் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் அந்நாளைய தாலுகாவையும் சேர்த்து எழுதுங்கள். அக்காலத்தில் கிராமத்து மரணங்களைப் பதிந்தவர் பட்டாமணியம் என்று தஞ்சைப் பகுதியில் அழைக்கப்பட்ட கிராம முன்சீப். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. பழைய பதிவேடுகளை அவரிடம் தேடிப் பயனில்லை. சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. துக்க வீட்டிலிருந்து வந்த யாரோ சொன்ன பெயரே பதிவேட்டில் ஏறியது. என் கொள்ளுப் பாட்டியை அவருடைய இயற்பெயரில் தேடி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் முறை, ஊரார் கூப்பிட்ட ‘சின்னம்மாள்’ என்ற பெயரில், கணவர் பெயரோடு சேர்ந்து அந்த வரி கிடைத்தபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே இயற்பெயர், அழைப்புப் பெயர், தந்தை பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

பதிவே இல்லாமலும் போகலாம். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கட்டாயப் பதிவு, எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அவ்வாறாயின் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பாட்டனாரின் நிலத்தை வாரிசுகள் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். இத்தகைய பத்திரங்கள் நிலத்துக்குரியவர் காலமான செய்தியோடு தொடங்குவது வழக்கம். வாரிசுகளின் பெயர்களும் உறவு முறையும் அதில் வரிசையாக இருக்கும். என் கருத்தில், குடும்ப வரலாற்றுக்கு அது இறப்புப் பதிவைவிடவும் வளமான ஆவணம்.

கேள்வி: என் பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் எந்த நோயால் இறந்தார் என்பது அதில் இல்லை. விடுபட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: விடுபடவில்லை. நான் மேலே சொன்ன அதே 17ஆம் பிரிவு, இறப்புப் பதிவின் நகலில் மரணக் காரணத்தை வெளியிடக் கூடாது என்று தடுக்கிறது. காரணம் பதியப்பட்டிருந்தாலும் சான்றிதழில் வராது. குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயை அறிய விரும்புவோருக்கு இது வருத்தம் தருவதே. எனினும் இறந்தவரின் அந்தரங்கத்தைச் சட்டம் காக்கிறது என்ற அளவில் அதை மதிக்கிறேன். மூத்தவர்களின் நினைவும் வீட்டில் எஞ்சியிருக்கும் மருத்துவமனைச் சீட்டுகளுமே தங்களுக்கு வழி.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இறந்த என் தாத்தாவின் பதிவைத் தேடுகிறேன். அங்கும் இதே நடைமுறைதானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இல்லை. இலங்கையில் இது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பொறுப்பு. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம். பதிவு இலக்கமோ தேதியோ தெரியாதபோது ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத காலப்பகுதியைத் தேடித் தருவார்கள். அதற்குள் அடங்குமாறு ஆண்டைக் குறுக்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள இறப்புச் சான்றிதழில் பெற்றோரின் பெயர்கள், மரணக் காரணம், அடக்கமோ தகனமோ நடந்த இடம் ஆகியவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. தாத்தாவின் பெற்றோர் பெயர் தங்களுக்குத் தெரியாதிருந்தால், அந்த ஒரு தாளில் தங்கள் வம்சம் ஒரு தலைமுறை மேலே செல்லும்.