கேமரா கேள்வி – பதில்: போன் எங்கே போதும், எங்கே போதாது?

கே: என் போனில் 200 மெகாபிக்சல். தம்பியின் பழைய கேமராவில் வெறும் 24. ஆனாலும் பெரிதாக்கிப் பார்த்தால் அவன் எடுத்த படம்தான் தெளிவாக இருக்கிறது. கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டாரா?
– வாசகர், திருப்பூர்

ப: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். 200 மெகாபிக்சல் போன்களில் பரவலாக இருக்கும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, சுமார் 9.8 × 7.4 மி.மீ. உங்கள் தம்பியின் கேமரா ஏபிஎஸ்-சி (சென்சார் அளவின் பெயர்) வகை என்றால் அதன் சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் ஐந்து மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் எட்டு மடங்கு புள்ளிகளை (பிக்சல்களை) அடைத்தால் என்ன ஆகும்? போனில் ஒரு புள்ளியின் அகலம் 0.6 மைக்ரான், கேமராவில் 3.9 மைக்ரான். அத்தனை சிறிய புள்ளியில் விழும் வெளிச்சம் போதாது என்பது போனைச் செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகக் கொடுக்கிறார்கள். அன்றாடம் நீங்கள் எடுப்பது அதைத்தான். 200ஐ முழுதாக வாங்க வேண்டுமானால் பட்டப்பகல், அசையாத பொருள், ஆடாத கை மூன்றும் சேர வேண்டும்.

ஜூம் கணக்கையும் பார்த்துவிடுங்கள். மெயின் லென்ஸிலேயே 10 மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்டால், படத்தின் பரப்பில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 200இல் நூறில் ஒன்று 2 மெகாபிக்சல்.

பிறகு ஏன் போன் படம் திரையில் அப்படி ஜொலிக்கிறது? ஒரு தட்டுக்கு ஒரு படம் என்று போன் எடுப்பதில்லை. சடசடவெனப் பல படங்களை எடுத்து, அடுக்கி, இரைச்சலை (இருட்டில் வரும் சொரசொரப்பை) வடிகட்டி, வானத்தையும் நிழலையும் தனித்தனியாகச் சரிசெய்து தருகிறது. கூகுள் போன்களின் இரவுப் பட வசதியான நைட் சைட் 2018இல் வந்ததிலிருந்து, இரவுக் கோபுரத்தைக் கையில் பிடித்தபடியே எடுக்க முடிகிறது. சாதாரண கேமரா இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது. ஆனால் அடுக்கும்போது எதிரே இருப்பவர் நகர்ந்துவிட்டால் கதை கந்தல். கோபுரம் நகராது, குழந்தை நகரும்.

கே: பட்டுப் புடவைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ‘படத்தில் அரக்கு, கைக்கு வந்தது வேறு கலர்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கேமரா வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, காஞ்சிபுரம்

ப: ஆகாது. கேமராவும் இதே தவறைச் செய்யும். கோளாறு வெளிச்சத்திலும், போன் தானாகப் போட்டுக்கொள்ளும் ஒயிட் பேலன்ஸிலும் (வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டும் அமைப்பிலும்) இருக்கிறது. திரை முழுக்க அரக்குப் புடவையைக் காட்டினால், வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது என்று போன் நினைத்துக்கொள்கிறது. அதை ஈடுகட்டக் கொஞ்சம் நீலமும் பச்சையும் கலக்கிறது. அரக்கு பழுப்பாகிவிடுகிறது. அடுத்த புடவைக்கு வேறு கணக்கு. ஆகவே ஒரே கடையின் படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதன் ஓரம் போதும். நேர்வெயில் விழக் கூடாது. காலை 9 முதல் 11 மணிவரை நல்ல நேரம். அறையின் டியூப் லைட், எல்இடி பல்பு எல்லாவற்றையும் அணையுங்கள். பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் மடிப்புகளின் நிழல் தணியும்.

போன் கேமராவில், அமைப்புகளை நாமே மாற்றும் ப்ரோ மோடுக்குப் போய் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினுக்கு அருகில் நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துப் பாருங்கள். நீலமாகத் தெரிந்தால் எண்ணைக் கூட்டுங்கள், மஞ்சளடித்தால் குறையுங்கள். சரியானதும் அன்றைய புடவைகள் அத்தனைக்கும் அதே எண். நிறத்தைத் தானாகக் கூட்டும் ஏஐ சீன், விவிட் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். போன் திரையையும் ‘நேச்சுரல்’ அமைப்புக்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் சரிபார்க்கும் உங்கள் கண்ணே ஏமாறும்.

எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.3 முதல் -0.7 வரை இறக்குங்கள். இறக்காவிட்டால் சரிகை வெள்ளைக் கோடாக எரிந்துவிடும். ராணி பிங்க், மிளகாய்ச் சிவப்பு போன்ற கொழுத்த நிறங்களில் சிவப்பு வரம்பை மீறி, நெசவே தெரியாத ஒரே பூச்சாகிவிடும். பக்கத்தில் போய் 1 மடங்கு ஜூமில் எடுத்தால் பார்டர் வளையும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கில் எடுங்கள்.

மயில் கழுத்து நிறத்துக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப அது மாறும். ஒரு படத்தில் அதற்கு நியாயம் செய்ய முடியாது. நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, கூடவே முந்தானையை மெதுவாக அசைக்கும் பத்து விநாடி வீடியோ என்று அனுப்புங்கள். கத்தரிப்பூ ஊதா எந்தக் கருவிக்கும் தண்ணி காட்டும். ‘நேரில் சற்று அடர்த்தியாக இருக்கும்’ என்று எழுதியே அனுப்புவது நல்லது. கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு ட்ரைபாடும் போன் ஹோல்டரும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைச் சரக்கில் போடுங்கள்.

கே: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. சென்ற ஆண்டு விழாவில் போனில் எடுத்த படங்களில் கைகள் எல்லாம் புகை மாதிரி கலைந்திருந்தன. முகமும் வெள்ளையாக வெளிறிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

ப: இங்கே கேமராதான். மேடை வெளிச்சம் கண்ணுக்குப் பிரகாசம், சென்சாருக்கு அரைகுறை. போன் ஷட்டர் நேரத்தை (சென்சாரில் வெளிச்சம் விழும் நேரத்தை) நீட்டித்து ஈடுகட்டுகிறது. அதனால்தான் கை கலைகிறது. அரைமண்டியில் நிற்கும்போது 1/125 விநாடி போதும், அடவுகளுக்கு 1/250, தாவலுக்கு 1/500 வேண்டும். எஃப் 2.8 (லென்ஸ் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 3200 (வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் அளவு), 1/250 என்று தொடங்கி, ஒரு படம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேமராவை வாங்கிவிட்டுக் கூடவே வரும் கிட் லென்ஸோடு போய் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். கேனான் ஆர்50உடன் வரும் 18–45 லென்ஸ், 45 மி.மீ.இல் எஃப் 6.3தான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். காசு லென்ஸுக்குத்தான் போக வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 85 மி.மீ. லென்ஸுக்கு 10 மீட்டர் தூரத்தில் சுமார் 2.75 மீட்டர் உயரம் அடங்கும். ஆடுபவர் சலங்கை முதல் தலைசாமான்வரை கச்சிதமாக அடங்குவார். கையில் 50 மி.மீ. என்றால் 6 மீட்டருக்குள் இடம் பிடியுங்கள்.

முகம் வெளிறியதற்குக் காரணம் கறுப்புத் திரை. படம் முழுக்க இருட்டு என்று எண்ணிக் கருவி தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1க்கு இறக்குங்கள். போனிலும் இது முடியும்: முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். 1/100 அல்லது 1/50இல் எடுத்தால் பட்டை மறையும், ஆனால் கை கலையும். மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமராவின் சைலன்ட் ஷட்டரை அணைத்தாலே பெருமளவு சரியாகிவிடும். ‘டிக்’ சத்தத்தை மிருதங்கம் மறைத்துக்கொள்ளும். விளக்குக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை: முகத்தின் மேல் தனிச் சிவப்பு, தனி நீலம் வேண்டாம். அந்த நிறத்தில் முகத்தின் விவரம் அடியோடு போய்விடும், பிறகு மீட்க முடியாது.

கேமரா வாங்க வசதியில்லையா? பெரிய ஊர்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முந்தின நாளே எடுத்து ஒத்திகையில் பழகிக்கொள்ளுங்கள். போன்தான் கதி என்றால் ஜதியின் தீர்மானத்துக்குக் காத்திருங்கள். கடைசித் தட்டில் உடல் ஒரு கணம் உறையும், அங்கே அழுத்துங்கள்.

கே: போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தால் ஜிமிக்கி பாதி காணாமல் போகிறதே?
– வாசகி, மதுரை

ப: பின்னணியை மங்கலாக்குவது லென்ஸ் அல்ல, கணக்கு. எது முகம், எது பின்னணி என்று போன் ஊகித்து ஓரம் வெட்டுகிறது. கழுத்துக்கும் ஜிமிக்கிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பறக்கும் முடி, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, தலையில் வைத்த மல்லிகை எல்லாம் அதற்குக் கண்டம். மங்கலின் அளவை எஃப் 4, 5.6 அளவுக்குக் குறைத்து வையுங்கள். பிழை அவ்வளவாகத் தெரியாது. பின்னணிச் சுவரிலிருந்து ஆளை மூன்று மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். பல போன்களில் எடுத்த பிறகும் எடிட்டில் போய் இந்த அளவை மாற்றலாம்.

கே: போனில் நிலாவின் குழிகள்வரை தெரிகின்றன. அது நிஜமா?
– வாசகர், ஈரோடு

ப: பாதி நிஜம். தன் போன்கள் நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் விவரத்தைக் கூட்டுவதாக, 2023இல் சர்ச்சை எழுந்தபோது சாம்சங்கே விளக்கம் கொடுத்தது. அந்த வேலையைச் செய்யும் ‘சீன் ஆப்டிமைசர்’ அமைப்பை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கே: தெரிந்தவர் நிக்கான் டி5600ஐ 18–55 லென்ஸோடு பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: கற்றுக்கொள்ள நல்ல கேமரா. இது போன்ற டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) கேமராக்களின் காலம் முடிகிறது என்பதால் பழைய லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அது உங்களுக்கு லாபம். ஆனால் சோதித்து வாங்குங்கள். அவர் கேமராவில் உங்கள் எதிரிலேயே ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்புக்குள் பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை) பாருங்கள். நிக்கான் அதை எழுதி வைக்கும். இந்த மாடலின் ஷட்டருக்குச் சொல்லப்படும் ஆயுள் ஒரு லட்சம். எழுபதாயிரம் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு. சுத்தம் செய்துவிடலாம், பயமில்லை. லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலை போல நூல் ஓடினால் பூஞ்சை; அந்த லென்ஸ் வேண்டாம்.

ஒரு பொறி: டி5600 உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8டி வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8ஜி கேட்டு வாங்குங்கள்.

கே: போன் படத்தைக் கல்யாண ஆல்பத்தில் போட்டால் உடைகிறது என்கிறார் ஸ்டுடியோக்காரர்.
– வாசகி, சேலம்

ப: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருப்பீர்கள். அது நீளப்பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். 12 × 18 அங்குலப் பக்கத்தில் அங்குலத்துக்கு 89 புள்ளிதான் வரும். உடையாமல் என்ன செய்யும்? அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் 4000 பிக்சலும் முழுதாகப் போகும், அங்குலத்துக்கு 222. ஆல்பத்துக்குத் தாராளம். 6 அடி ஃப்ளெக்ஸுக்கும் அதே கோப்பு போதும், அதை யாரும் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பதில்லை.

கே: போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

ப: வேண்டாம். முதலில் போன் லென்ஸை மென்மையான துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

கே: வேடந்தாங்கலில் பறவைகளை எடுக்க 5 மடங்கு ஜூம் உள்ள போன் போதுமா?
– வாசகர், செங்கல்பட்டு

ப: போதாது. ஒரு மீட்டர் உயர மஞ்சள் மூக்கு நாரை 80 மீட்டர் தள்ளி நின்றால், 5 மடங்கு, அதாவது சுமார் 120 மி.மீ.க்கு இணையான போன் லென்ஸில் அது படத்தின் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்கு. பறக்கும்போது 1/2000 விநாடி வையுங்கள். லென்ஸ் மாற்றும் தொல்லை வேண்டாம் என்றால் நிக்கான் பி950 போன்ற, லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட பிரிட்ஜ் கேமரா 2000 மி.மீ.க்கு இணையான தூரம் போகும். ஆனால் அதன் சென்சார் நல்ல போனில் இருப்பதைவிடச் சிறியது, மந்தாரமானால் படம் சொரசொரப்பாகும். எந்தக் கருவியானாலும் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நீர்ப்பரப்புக்கு மேல் காற்று நெளியும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் இறகு தெரியாது.

கே: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வராமல் எப்படி வைப்பது?
– வாசகர், நாகர்கோவில்

ப: தோல் உறையில் மூடி பீரோவில் வைப்பதுதான் வினை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கட்டும். நீல ஜெல் ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி நீலமானதும் போடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும்.