பாட்டி யூதர் என்றால் பேரனுக்கு என்ன உரிமை?

என் மாமனாரைப் பெற்ற அம்மா மும்பையைச் சேர்ந்தவர், பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதச் சமூகத்தில் பிறந்தவர். இந்துவை மணந்தவர், காலமாகி இருபது வருடம் ஆகிறது. என் மாமியார் இந்து. கணவரும் இந்துவாகத்தான் வளர்ந்தார். நாங்கள் இஸ்ரேலில் குடியேற முடியுமா?

முடியும், ஆவணங்களைத் திரட்டிவிட்டால். இஸ்ரேல் 1950 ஜூலையில் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. உலகில் எங்கிருக்கும் யூதரும் அங்கே வந்து குடியேறலாம் என்றார்கள், ஆனால் யார் யூதர் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 1970-ல்தான் திருத்தம் வந்தது: யூதத் தாய்க்குப் பிறந்திருக்க வேண்டும், அல்லது யூத மதத்துக்கு மாறியிருக்க வேண்டும், வேறு மதத்தில் இருக்கக் கூடாது. அதே திருத்தம், யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவிக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. பாட்டி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. அவர் இஸ்ரேல் மண்ணை மிதித்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

தாத்தா பாட்டியில் ஒருவர் யூதர் என்பதற்காகவே நாஜி ஜெர்மனியில் ஆட்களை ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவருக்கும் ஒரு புகலிடம் வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவுக்குப் பலரும் சொல்லும் காரணம். இந்தச் சட்டத்தில் என் மனதைத் தொடுகிற இடம் இதுதான்.

சரி, மதம்? யூதராக இருந்து விரும்பி மதம் மாறியவருக்கு உரிமை கிடையாது. ஆஸ்வால்ட் ரூஃபைசன் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது மீர் என்ற ஊரின் யூதர்கள் பலரைக் காப்பாற்றியவர். ஆனால் கத்தோலிக்கத் துறவியாகிவிட்டார். 1962-ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவரை இந்தச் சட்டத்தின்படி யூதராக ஏற்க மறுத்தது. உங்கள் கணவர் நிலை வேறு. அவருடைய தாய் யூதர் அல்ல என்பதால் மத விதிப்படி அவர் யூதராக இருந்ததே இல்லை. எனவே மதம் மாறியவர் என்ற தடை அவருக்குப் பொருந்தாது. அவர் பேரன் என்ற உறவில் போகிறார், நீங்கள் பேரனின் மனைவியாகப் போகிறீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே கவனியுங்கள். உங்கள் குழந்தைகள் அந்தப் பாட்டிக்குக் கொள்ளுப்பேரப்பிள்ளைகள். சட்டம் பேரப்பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. சிறு பிள்ளைகள் உங்களோடு வரலாம், ஆனால் அவர்களுடைய அந்தஸ்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனையில் எனக்குக் கொஞ்சம் யூத மரபு இருப்பதாக வந்திருக்கிறது. இது போதுமா?

போதாது. அதிகாரி கேட்பது சதவீதத்தை அல்ல. இன்னாருக்கு நீங்கள் இன்ன உறவு என்பதை. பாட்டியின் பிறப்புச் சான்று, கெத்துபா என்ற திருமண ஒப்பந்தம், ஜெப ஆலயப் பதிவேடு, கல்லறைக் குறிப்பு, ரபி என்ற யூத மதகுரு தரும் கடிதம், அப்புறம் பாட்டியிலிருந்து உங்கள் வரை சங்கிலி அறாமல் பிறப்பு, திருமணச் சான்றுகள். கொங்கணத்து பெனே இஸ்ரேல் மக்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தார்கள். ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்ந்து முடியும் குடும்பப் பெயர்கள் அவர்களிடம் நிறைய உண்டு. ஆனால் மற்ற மராட்டியர்களிடமும் உண்டு. பெயரைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கலாம், அதையே சான்றாகக் காட்ட முடியாது.

குடியுரிமை கிடைத்துவிட்டால் அங்கே யூதராகத் திருமணம் செய்துகொள்ளலாமா?

இங்கேதான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். குடியுரிமை தருவது அரசு. யூதத் திருமணம் தலைமை ரபிமார் கையில். அவர்கள் தாய்வழியைத்தான் பார்ப்பார்கள். பதிவுத் திருமணம் என்ற பொது ஏற்பாடு இஸ்ரேலுக்குள் இல்லாததால் பல ஜோடிகள் சைப்ரஸ் போய் மணந்துவிட்டு வந்து பதிகிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் பெனே இஸ்ரேல் மக்களிடமே, திருமணம் என்றதும் தலைமுறை தலைமுறையாக வம்சத்தைத் தோண்டிக் கேட்டார்கள். அவர்கள் போராடினார்கள். 1964-ல் அரசும் நாடாளுமன்றமும் இவர்கள் எல்லா வகையிலும் யூதர்கள் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. பேரனாகப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

லண்டனில் வசிக்கிறோம். மனைவியின் தாத்தா 1938-ல் பெர்லினிலிருந்து தப்பி வந்த யூதர். ஜெர்மன் குடியுரிமை கேட்கலாமா?

உங்கள் மனைவி தாராளமாகக் கேட்கலாம். வெளிநாட்டில் வசித்த யூதர்களின் குடியுரிமையை 1941 நவம்பர் 25 ஆணை ஒரே வீச்சில் பறித்தது. அப்படி இழந்தவர்களுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் அதைத் திருப்பித் தரச் சொல்கிறது ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 116-வது பிரிவு. மொழித் தேர்வு இல்லை, கட்டணம் இல்லை, பிரிட்டிஷ் குடியுரிமையையும் விட வேண்டாம். முன்பு மறுக்கப்பட்ட சிலருக்கும் 2021 ஆகஸ்டில் வந்த திருத்தம் வழி செய்திருக்கிறது. இங்கே மத அடையாளம் கேள்வியே இல்லை. தாத்தாவின் குடியுரிமை பறிபோனதா என்பதுதான் கேள்வி. மனைவி வழியாக உங்களுக்கு இந்த உரிமை வராது.

1492-ல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களின் வம்சத்தாருக்கு அங்கே குடியுரிமை உண்டாமே?

இருந்தது. 2015-ல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும் காலம் 2019 அக்டோபரில் முடிந்துவிட்டது. போர்ச்சுகலும் விதிகளை இறுக்கிவிட்டது. ஸ்பெயின் வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பணம் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இஸ்ரேல் குடியுரிமை வாங்கலாமா?

இஸ்ரேல் இதைத் தடுக்காது, இந்தியாதான் தடுக்கும். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இஸ்ரேலிலோ முதலில் சொன்ன 1950 சட்டத்தின் கீழ் குடியேறியவருக்குக் குடியுரிமை தானாகவே வந்து சேரும். வேண்டாம் என்று அறிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு. ஊரில் நிலமும் வயதான பெற்றோரும் இருப்பவர்கள் விமானம் ஏறும் முன்பே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். குடியுரிமையை ஏற்றுக்கொண்டால் இந்திய பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிப்பது அதற்கு அடுத்த வேலை.