வாசகர் கேள்வி – அறிவியல் பதில்: ஒரே செடியின் நகல்களும் பல வழி வந்த களைகளும்

கேள்வி (வாசகி, மட்டக்களப்பு): எங்கள் பகுதி நீர்நிலைகளை மூடிக் கிடக்கும் ஆற்றுவாழை, உலகெங்கும் ஏறத்தாழ ஒரே செடியின் நகல்தான் என்று படித்தேன். மரபணு வேறுபாடு குறைந்த உயிரினம் நலிந்துபோகும் என்றுதானே பள்ளியில் கற்றோம்? அப்படியானால் இந்தச் செடி மட்டும் எப்படி இத்தனை வீரியத்தோடு பெருகுகிறது?

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. தமிழகத்தில் ஆகாயத்தாமரை என்று அழைக்கப்படும் இச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் பாரெட்டும் சீன ஆய்வாளர்களும் இணைந்து, பல நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளைத் திரட்டி அவற்றின் மரபணு அடையாளங்களை ஒப்பிட்டு, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தனை செடிகளும் 49 நகல் வரிசைகளுக்குள் அடங்கிவிட்டன. அயல்நாடுகளில் அவர்கள் பார்த்த செடிக்கூட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஒவ்வொன்றும் ஒரே நகலால் ஆனவையாக இருந்தன. அக்கூட்டங்களில் நான்கில் மூன்று பங்கில் மேலோங்கி நின்றதும் ஒரே நகல்தான். தாயகத்திலோ வேறுபாடு இதைவிடத் தெளிவாக மிகுந்திருந்தது. வங்கதேசத்திலும் இந்தோனேசியாவிலும் எடுத்த செடிகள் வேறு வரிசைகளைச் சேர்ந்தவை என்பதால், வெப்பமண்டல நாடுகளுக்கு இச்செடி ஒரே முறையில் வந்துவிடவில்லை என்பதும் தெரிய வந்தது.

பள்ளியில் கற்றதும் தவறன்று. ஆனால் அது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். நெருங்கிய உறவுக்குள் மீண்டும் மீண்டும் கருவுறும்போதுதான், மறைந்திருக்கும் குறைபாடுள்ள மரபணுக்கள் இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேர்ந்து தலைமுறையை நலியச் செய்கின்றன. ஆகாயத்தாமரை பெருகுவது பெரும்பாலும் அந்த வழியில் அன்று. வாழை பக்கக்கன்று விடுவதைப் போல, தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு நீண்டு அதன் நுனியில் புதுச்செடி எழுகிறது. தாயிடம் அமைந்திருந்த மரபணுச் சேர்க்கை நன்றாக இருந்தால், அது கலைந்து போகாமல் அப்படியே அடுத்த செடிக்குச் செல்கிறது. ஆகவே, கூட்டத்தில் செடிக்குச் செடி வேறுபாடு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு செடிக்குள்ளும் வேண்டிய வளம் குறையாமல் இருக்கக்கூடும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

இதோடு, தாயகத்தில் அச்செடியை உண்டு வாழ்ந்த பூச்சிகள் உடன் வரவில்லை. கழிவுநீரும் உரச்சத்தும் கலந்த ஏரிகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையவை என்பதால், புதிய சூழலுக்கேற்ப மரபில் மாற வேண்டிய தேவையும் அதற்கு அதிகம் எழவில்லை. தேவைப்படும் சிறு மாற்றங்களை அது மரபை மாற்றாமலே செய்துகொள்கிறது: வெட்டவெளியில் மிதக்கும் செடியின் இலைக்காம்பு குட்டையாகவும் உப்பியும் இருக்கும், நெருக்கியடித்து வளரும் இடத்தில் அதே நகலின் காம்பு மெலிந்து நெடிதாக உயரும்.

பிரிட்டனில் வீட்டுச் சுவர்களையும் ஆற்றங்கரைகளையும் பாழாக்கும் ஜப்பானிய நாட்வீட் என்னும் செடியின் கதையும் இதுவே. 1840-களில் பிலிப் வான் சீபோல்ட் என்ற ஜெர்மானியத் தாவர ஆய்வாளர் தம் நெதர்லாந்து நாற்றுப்பண்ணை வழியே அதை ஐரோப்பாவில் பரப்பினார். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்து எடுத்த 150 மாதிரிகளை ஆராய்ந்தபோது, அத்தனையும் ஒரே பெண் செடியின் நகல்களாக இருந்தன. அதன் இனத்திலேயே மகரந்தம் தரத் துணை இல்லாமல், வேர்த்தண்டுத் துண்டுகளால் மட்டுமே ஒரு நாட்டை நிறைத்திருக்கிறது அந்தச் செடி.

கேள்வி (கல்லூரி மாணவர், நாகர்கோவில்): எல்லாம் ஒரே நகல் என்றால், ஒன்றைத் தாக்கும் பூச்சியோ நோயோ எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டுமே? அத்தகைய களைகளை ஒழிப்பது எளிதல்லவா?

பதில்: கேள்வியின் அடிப்படை சரியானது. அதற்குச் சான்றாகச் சால்வீனியாவைச் சொல்வேன். குட்டநாட்டு வயல்களையும் கேரளத்துக் காயல்களையும் அடைத்துக்கொண்ட இந்த நீர்ப் பெரணி, 1939-இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஐந்து தொகுதிக் குரோமோசோம்களைக் கொண்ட மலட்டுச் செடி அது. வித்திகளால் இனம் பெருக்க முடியாது. முறிந்த துண்டுகளால் மட்டுமே பரவுகிறது. தொடக்கத்தில் அதை வேறோர் இனம் என்று பிழையாகக் கருதி, அந்த இனத்திலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரும் பயன் விளையவில்லை. அது தனி இனம் என்று 1972-இல் வரையறுக்கப்பட்டு, அதன் தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்று 1978-இல் கண்டறியப்பட்ட பிறகுதான் சரியான கூன்வண்டு கிடைத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்ட அந்த வண்டு, ஓராண்டைச் சற்றே கடந்த காலத்துக்குள் சால்வீனியாப் படுகையைச் சிதைத்துவிட்டது. பின்னர் பப்புவா நியூ கினி, கேரளம், இலங்கை ஆகிய இடங்களிலும் அதே வண்டு பலன் தந்தது. களை எங்கும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையதாக இருந்தால், ஓரிடத்துத் தீர்வு வேறிடங்களிலும் செல்லும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் அதே ஆஸ்திரேலியாவில் உண்டு. களையியல் படிக்கும் ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்நாட்டுக் கோதுமை வயல்களில் கான்ட்ரில்லா என்ற களை மூன்று வடிவங்களில் இருந்தது: குறுகிய இலை, இடைப்பட்ட இலை, அகன்ற இலை. மூன்றும் கருவுறாமலே விதை தருபவை என்பதால், ஒவ்வொரு வடிவமும் தனித்தனி நகல் வரிசையாகவே நீடித்தது. 1971-இல் இத்தாலியிலிருந்து துருநோய்ப் பூஞ்சை ஒன்றைக் கொண்டுவந்து பரப்பினார்கள். மிகப் பரவலாக இருந்த குறுகிய இலை வடிவம் வியப்பூட்டும் வேகத்தில் வீழ்ந்தது. ஆனால் அந்தப் பூஞ்சை மற்ற இரண்டு வடிவங்களையும் தொடவில்லை. காலியான வயல்களில் அவை பரவத் தொடங்கின; அவற்றுக்கென வேறு துருநோய் வகைகளைத் தேட வேண்டியதாயிற்று. மூன்றே வரிசைகள் என்ற மிகச் சிறிய வேறுபாடுகூட ஒரு வெற்றியைப் பாதியாக்கப் போதுமானதாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மரபு ஒன்றுபோல் இருப்பது மட்டுமே வெற்றிக்கு உறுதியளிப்பதில்லை என்பதற்கு ஆகாயத்தாமரையே சாட்சி. அதை உண்ணும் கூன்வண்டுகள் 1980-களின் தொடக்கத்தில் பெங்களூருவில் விடப்பட்டு, சில ஏரிகளில் நல்ல பலன் தந்தன. கழிவுநீர் ஓயாமல் கலக்கும் இடங்களிலோ, வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி தழைக்கும் வேகம் மிஞ்சிவிடுகிறது. அங்கே சரிசெய்ய வேண்டியது கழிவுநீரை.

கேள்வி (வாசகர், கூடலூர்): எங்கள் காட்டோரங்களில் உண்ணிச்செடி மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பல நிறங்களில் பூக்கிறது. இவை வெவ்வேறு இனங்களா? இத்தனை நாடுகள் முயன்றும் பூச்சிகளால் இதை அடக்க முடியாமற் போனதற்கு இந்த வேறுபாடு காரணமா?

பதில்: உண்ணிச்செடியைப் பற்றிப் பேசும்போது, முந்தைய இரண்டு பதில்களிலும் சொன்னவற்றை ஏறத்தாழத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். நம் காடுகளில் இருப்பது, அமெரிக்கக் கண்டத்துக் காட்டில் அதே வடிவில் வாழ்ந்த ஒற்றை இனம் அன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல உறவினச் செடிகளைத் தோட்டக்காரர்கள் அழகுக்காக ஒன்றோடொன்று கலந்து, எண்ணற்ற தோட்ட வகைகளை உருவாக்கினார்கள். அந்த வகைகள் 19-ஆம் நூற்றாண்டில் குடியேற்ற நாடுகளின் பூங்காக்களுக்கும் தோட்ட வேலிகளுக்கும் அனுப்பப்பட்டு, அங்கிருந்து தப்பிக் காடேறின. இதன் குரோமோசோம் தொகுதிகளே இரண்டு முதல் ஆறு வரை வேறுபடுகின்றன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து எடுத்த செடிகளை ஆராய்ந்து அவிக் ரே, சுஹேல் குவாடர் ஆகிய இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வும், இச்செடி நம் நாட்டுக்குப் பல முறை வந்திருக்க வேண்டும் என்றும், வந்த வகைகளுக்கிடையே மரபணுக் கலப்பு நிகழ்ந்திருக்கிறது என்றும் காட்டியது.

நிறத்தை வைத்து வகை பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரே பூங்கொத்தில் நடுவே புதிதாக மலர்ந்த பூக்கள் மஞ்சளாகவும், ஓரத்தில் முதிர்ந்தவை ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது வயதால் வரும் மாற்றம். வெவ்வேறு செடிகளை ஒப்பிடுவதானால், ஒரே வயதுடைய பூக்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

பூச்சிகளைப் பற்றிய உங்கள் ஊகம் பெரிதும் சரி. 1902-இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே மெக்சிகோவிலிருந்து ஹவாய்க்குப் பூச்சிகளை அனுப்பினார். களையை உயிரினங்களால் அடக்கும் முயற்சிகளில் உலகின் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அதன்பின் பல நாடுகளில் நாற்பது அளவில் வெவ்வேறு பூச்சிகளும் பூஞ்சைகளும் விடப்பட்டும், முழு வெற்றி எங்கும் கிட்டவில்லை. தட்பவெப்பமும் ஒட்டுண்ணிகளும் இதற்குக் காரணங்கள்தாம். எனினும் பல பூச்சிகள் சில வகைகளில் செழித்து வேறு சில வகைகளை ஒதுக்கிவிடுகின்றன என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. ஆஸ்திரேலியா 2001-இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து விட்ட துருநோய்ப் பூஞ்சை, இளஞ்சிவப்பு வகைகளை மட்டுமே தாக்கும் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. கான்ட்ரில்லா தந்த பாடத்தைக் கற்றுக்கொண்டதன் அடையாளமாக அதைக் கருதுகிறேன்.

கூடலூர்க் காடுகளைப் பொறுத்தவரை, மரபு ஆய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செடியின் வேரை, அது தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, செடி மீண்டும் வேர் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்துவைக்கும் முறைக்கு எந்த வகையும் தப்பாது. பறவைகள் விதையை மீண்டும் கொண்டுவந்து போடுமாதலால், அடுத்து வரும் ஆண்டுகளிலும் நாற்றுகளைப் பிடுங்கி, புல்லும் இயல்மரங்களும் அந்த இடத்தைப் பிடிக்க உதவ வேண்டும்.

கேள்வி (வாசகர், சேலம்): ஏற்கெனவே நாடு முழுவதும் பரவிவிட்ட செடியை வெளிநாட்டிலிருந்து மறுபடி கொண்டுவரக் கூடாது என்று தடுப்பதால் என்ன பயன்?

பதில்: பயன் மிகப் பெரிது, பலரும் அலட்சியமாகக் கடந்துபோகும் இடமும் இதுதான். முதல் முறை வந்த சில விதைகள், தாயகத்தின் மரபணு வளத்தில் ஒரு துளியை மட்டுமே கொண்டுவருகின்றன. வேறு பகுதியிலிருந்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போது, தாயகத்தில் ஒருபோதும் சந்திக்க வாய்ப்பில்லாத மரபுகள் புதிய நாட்டில் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஐரோப்பாவில் ஒவ்வாமையைப் பரப்பும் வட அமெரிக்க ராக்வீட் களையைப் பிரான்சில் ஆராய்ந்தவர்கள், அங்குள்ள கூட்டங்களில் மரபணு வேறுபாடு குறைந்திருக்கவில்லை என்றும், பல மூலங்களிலிருந்து வந்த கலப்பே அதற்குக் காரணம் என்றும் 2005-இல் எழுதினார்கள். வட அமெரிக்கச் சதுப்புகளை ஆக்கிரமித்த ஒரு நாணல்வகைப் புல்லைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து திரும்பத் திரும்ப வந்த மரபுகள் கலந்ததால், புதிய சூழலுக்கேற்ப விரைவில் மாறும் திறன் அதற்குக் கூடியிருந்தது.

இரண்டாம் வரவு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு, நமக்கு நன்கு தெரிந்த பார்த்தீனியமே போதும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு அது இரண்டு தனித்தனி வரவுகளில் வந்தது. டூகுலாவா என்ற ஊரருகே நிலைபெற்ற முதல் வகை பெரிதாகப் பரவாமல் அடங்கிக் கிடந்தது. அமெரிக்காவின் டெக்சஸிலிருந்து வந்த புல்விதையோடு கலந்து, கிளெர்மான்ட் பகுதியில் இறங்கிய இரண்டாவது வகைதான் மேய்ச்சல் நிலங்களை எல்லாம் கைப்பற்றியது. ‘இந்தச் செடி ஏற்கெனவே இங்கே இருக்கிறது, இதனால் என்ன கெடுதல் வந்துவிட்டது?’ என்று முதல் வகையைக் காட்டி யாரேனும் அன்று வாதிட்டிருந்தால், அந்த வாதம் எவ்வளவு தவறாகியிருக்கும்! ஆகவே துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் நடக்கும் தாவர நோய்த்தடுப்புச் சோதனையில், இனத்தின் பெயர் உள்நாட்டுப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எந்தச் செடியையும் விட்டுவிடக் கூடாது. இணையத்தில் தோட்டச்செடி விதை வாங்குபவர்களும், புதிய நிறத்து உண்ணிச்செடியை விற்கும் நாற்றுப்பண்ணைகளும் இதே பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (ஆசிரியை, தஞ்சாவூர்): ஆய்வகம் இல்லாத பள்ளியில் மாணவர்கள் இதை நேரில் காண வழி உண்டா?

பதில்: உண்டு. ஆகாயத்தாமரைப் பூக்களில், சூல்தண்டின் நீளத்தால் வேறுபட்ட மூன்று வடிவங்கள் உண்டு: நெடியது, இடைப்பட்டது, குறியது. மூன்றும் தென் அமெரிக்கத் தாயகத்தில் இருக்கின்றன. அயல்நாடுகளுக்குச் சென்றவை பெரும்பாலும் இடைப்பட்ட வடிவமே, நெடியது எப்போதாவது தென்படும். பூவை மெல்லப் பிரித்தால் ஆறு மகரந்தத் தாள்கள் தெரியும். மூன்று நீண்டும் மூன்று குட்டையாகவும் இருந்து, சூல்முடி அவற்றின் நடுமட்டத்தில் நின்றால் அது இடைப்பட்ட வடிவம். சூல்முடி எல்லாவற்றுக்கும் மேலே நின்றால் நெடிய வடிவம். பல குளங்களிலிருந்து பூக்களை மட்டும் பறித்துவந்து, குளத்துக்கு ஒரு வரியாக அட்டவணை எழுதச் சொல்லுங்கள். செடியை வேரோடு எடுக்க வேண்டாம். அப்படி எடுக்க நேர்ந்தால் வெயிலில் முழுவதும் காயவைத்துவிடுங்கள், வேறு நீர்நிலையில் எறிந்துவிடாதீர்கள்.