வேப்பை விட்டேன், கூட்டத்திடம் சொல்லிக்கொண்டு வந்தேன்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். சிகரெட்டிலிருந்து வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறி வருடங்கள் ஆகிவிட்டன. வெளியே போகும்போது மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் உள்ள பாட் (சின்ன வேப் கருவி), வீட்டில் தானே காயில் (லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்) சுற்றிய டேங்க் (லிக்விட் நிரப்பும் கலன்). இப்போது மொத்தமாக விட நினைக்கிறார். நிகோடினைக்கூட விட்டுவிடலாம் போலிருக்கிறது, ஆனால் காயில், லிக்விட் என்று பேசிப் பேசி ஆன்லைனில் சேர்ந்த நண்பர் கூட்டத்தை எப்படி விடுவது என்று கேட்கிறார்.

நான் கவென்ட்ரியில் வசிக்கிறேன், சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இரண்டையும் விட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

நிகோடினையும் நண்பர்களையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் நிகோடினைக் குறையுங்கள். அது அடங்கிய பிறகு காயில், கம்பி, பஞ்சு எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கூட்டத்தைக் கடைசியில் விடுங்கள். விடும்போது சத்தமில்லாமல் நழுவாமல், நாலு வரி எழுதி, நன்றி சொல்லி, விடைபெற்றுக்கொண்டு வாருங்கள். இந்த வரிசைதான் எனக்குக் கை கொடுத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேப் என்றால் பழ வாசனையோடு புகை விடும் ஒரு பிளாஸ்டிக் குச்சி. நம்மைப் போல உள்ளே போனவர்களுக்கு அது ஒரு கைத்தொழில். சனிக்கிழமை ராத்திரி மேசையில் பழைய துண்டை விரித்துக்கொண்டு உட்காருவேன். 26 கேஜ் கந்தால் கம்பியை 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றுவேன். அப்படி இரண்டு காயிலை இணையாக மாட்டினால் மின்தடை 0.4 ஓம் பக்கம் வந்து நிற்கும். பட்டனை விட்டு விட்டு அழுத்த, கம்பி சிவக்க ஆரம்பிக்கும். நடுவில் சிவந்து இரண்டு பக்கமும் சீராகப் பரவ வேண்டும். எங்காவது ஓர் இடம் மட்டும் பளிச்சென்று எரிந்தால், பீங்கான் முனை வைத்த இடுக்கியால் சுற்றுகளை நெருக்கிச் சரிசெய்ய வேண்டும். அதற்கப்புறம் பஞ்சு. கூடுதலாகத் திணித்தால் லிக்விட் ஏறாமல் கருகி, முதல் இழுப்பிலேயே தொண்டையில் அறையும். குறைவாக வைத்தால் காற்று வரும் ஓட்டை வழியாக ஒழுகும். கைக்குச் சரியான அளவு பிடிபடும் நாளில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கும் நிகோடினுக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்தக் கூட்டம்தான். டான்காஸ்டரில் ஒரு லாரி ஓட்டுநர், கார்டிஃபில் இரவுப் பணி பார்க்கும் ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற ஓர் எலக்ட்ரீசியன், அப்புறம் லண்டன் ஹேரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். அந்த எலக்ட்ரீசியன்தான் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஓம் விதியை (வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்) சொல்லிக் கொடுப்பார். வேப் கருவிக்குள் போடும் 18650 வகைப் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். அதில் 0.2 ஓம் காயிலை மாட்டினால் 21 ஆம்பியர் ஓடும். பேட்டரி 20 ஆம்பியர்தான் தாங்கும் என்றால் வெடிக்கிற ஆபத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். பாதுகாப்புக்குச் சிப் இல்லாத மெக்கானிக்கல் மாட் (பேட்டரி போடும் வேப் கருவி) பிடித்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. யார் எத்தனை மணிக்குக் கேட்டாலும் அவர் சலிக்காமல் கணக்குப் போட்டுக் காட்டுவார். இப்படிப்பட்டவர்களை "வெறும் ஆன்லைன் பழக்கம்" என்று ஒதுக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கமாட்டேன். நான் சிகரெட்டை விட்ட முதல் வாரங்களில், ராத்திரி இரண்டு மணிக்கு "கடைக்குப் போகவா?" என்று எழுதினால் யாராவது ஒருவர் விழித்திருந்து பதில் போட்டார்கள். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, நிகோடினுக்கு வருகிறேன். வீட்டில் கலப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2016-ல் வந்து 2017 மே மாதம் முழுமையாக அமலான விதிகளின்படி, இங்கே நிகோடின் உள்ள லிக்விட் 10 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு மேல் விற்கக் கூடாது, மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, டேங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. நிகோடின் இல்லாத லிக்விட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் 60 மில்லிலிட்டர் பாட்டிலில் 50 மட்டும் நிரப்பி விற்கும் ஷார்ட்ஃபில் வந்தது. அதில் நிகோடின் ஷாட் ஒன்றை (மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோடின் உள்ள 10 மில்லிலிட்டர் பாட்டில்) ஊற்றினால் மொத்தம் 60 மில்லிலிட்டரில் 180 மில்லிகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். பாதி ஷாட் மட்டும் ஊற்றினால் ஏறக்குறைய ஒன்றரை. அதிலும் பாதி ஊற்றினால் முக்காலுக்குச் சற்று மேல். கடைக்காரர் விற்கும் படிகளில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டிய படியை நீங்களே கட்டிக்கொள்ளலாம். நான் 6-லிருந்து 3, அங்கிருந்து ஒன்றரை, அப்புறம் பூஜ்யம் என்று இறங்கினேன். ஒரு படியில் கால் ஊன்றி நின்று, உடம்பு பழகிய பிறகே அடுத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அளவைக் குறைத்ததும் கை தானாக அதிகம் இழுக்கும். உடம்பு தனக்கு வேண்டியதை நீளமான இழுப்புகளில் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். லிக்விட் வழக்கத்தைவிட வேகமாகக் காலியானால் நீங்கள் இன்னும் இறங்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அதனால் அளவோடு நேரத்தையும் பிடியுங்கள். நான் முதலில் படுக்கை அறையிலிருந்து வேப்பை வெளியேற்றினேன், அடுத்து காரிலிருந்து, கடைசியாக வேலை பார்க்கும் மேசையிலிருந்து. மேசைதான் கஷ்டம். போனில் நீளமான மீட்டிங் ஓடும்போது இடது கை சும்மா இருக்காது. ஏலக்காயைத் தோலோடு வாயில் அடக்கிக்கொண்டேன். வேறு யாருக்காவது வேறு ஏதாவது உதவும், எனக்கு அது உதவியது.

ரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் போதும். காலையில் எழுந்ததும் அந்தத் தவிப்பு வருவதற்கு அதுதான் காரணம். பூஜ்யத்துக்குப் போன முதல் மூன்று நான்கு நாட்கள்தான் உச்சம். எரிச்சல், தூக்கம் கலைவது, எதிலும் மனம் நிற்காமல் போவது, எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவது எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்கள் அந்த வாரத்தைத் தாங்கிக்கொள்வார்கள்.

ஊருக்குப் போகும் பயணங்களும் எனக்கு ஒரு வகையில் ஒத்திகையாக இருந்தன. 2019-ல் இந்தியா இ-சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாவற்றையும் தடை செய்தது. அதனால் மாட், டேங்க் எதையும் எடுத்துக்கொண்டு நான் விமானம் ஏறமாட்டேன். நீங்களும் ஏறாதீர்கள். அங்கே மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கும், அதை வைத்து ஓட்டிவிடலாம். அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு, தம்பி பிள்ளைகளோடு அலைந்துகொண்டு இருந்தபோது நிகோடின் அவ்வளவு பெரிய பூதமாகத் தெரியவில்லை. மேசையும் துண்டும் கம்பியும் இருக்கும் இடத்துக்குத் திரும்பியதும்தான் கை தேடியது. என்னைப் பிடித்து வைத்திருப்பதில் பாதிக்கு மேல் அந்த மேசைதான் என்பதை நான் அப்படித்தான் கண்டுகொண்டேன்.

பூஜ்யத்துக்கு வந்த பிறகும் சில காலம் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். நிகோடின்தான் இல்லையே, என்ன கெடுதல் என்று கேட்கலாம். சூடேறிய லிக்விட்டில் உள்ள புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் வாசனைப் பொருட்களும் நுரையீரலுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சாப்பிடப் பாதுகாப்பான வாசனை, மூச்சில் இழுக்கவும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வெண்ணெய் மணம் தரும் டயாசெட்டில் அதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் மிசூரியில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டிருப்பது 2000-ஆம் ஆண்டு தெரியவந்தது, அந்த ஆவியைச் சுவாசித்ததுதான் காரணம். இங்கே வேப் லிக்விட்டில் அதற்குத் தடை இருக்கிறது, நல்லது. ஆனாலும் இன்றைய இ-சிகரெட்டை சீனாவின் ஹோன் லிக் உருவாக்கியது 2003-ல். நாற்பது வருடம் வேப் அடித்தவர் என்று உலகத்தில் இன்னும் ஒருவர்கூட இல்லை. அந்த முதல் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

அப்போதுதான் கூட்டத்தைப் பற்றி யோசித்தேன். குழுவில் யாராவது புதுக் காயில் படம் போட்டால் விரல் துறுதுறுக்கும். மூன்று வாரம் ஊற வைத்த கஸ்டர்ட் லிக்விட்டைப் பற்றி ஒருவர் எழுதினால் நாக்கில் சுவை வந்துவிடும். அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை, அந்த இடமே அதற்காகத்தான் இருக்கிறது. நான் அங்கே இருந்தால் மறுபடி மேசையில் துண்டு விரிப்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது. ஹேரோ அண்ணாவுக்கு போன் போட்டு, குழுவிலிருந்து வெளியேறப் போகிறேன், சத்தமில்லாமல் போய்விடட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லிப்போட்டுப் போம் தம்பி. சொல்லாமல் போறவையை நாங்கள் கனநாள் தேடிக்கொண்டிருப்பம். ஆளுக்கு என்ன ஆச்சோ எண்டு யோசிச்சுக் கொண்டிருக்கிறது நல்லதில்லை," என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் குழுவில் திடீரென்று காணாமல் போனவர்கள் இருந்தார்கள். மறுபடி சிகரெட்டுக்குப் போய்விட்டார்களா, உடம்புக்கு முடியவில்லையா என்று மாதக்கணக்கில் பேசியிருக்கிறோம். ஆகவே எழுதினேன். சிகரெட் இல்லாத வாழ்க்கைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே நீங்கள்தான் என்று எழுதினேன். யார் எதைக் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் குறிப்பிட்டேன். வேப்பையும் விட்டுவிட்டேன், இங்கே இருந்தால் கை நிற்காது, அதனால் போகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர்கள் இன்னும் வேப் அடிப்பவர்கள் என்பதால் புத்திமதி ஒன்றும் வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள், நன்றிக் கடிதத்தில் உபதேசம் கலக்கக் கூடாது. வந்த பதில்களைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. லாரி ஓட்டுநர், "அப்படியென்றால் எங்கள் வேலை முடிந்தது" என்று எழுதியிருந்தார். ஒரு நாள் முழுக்க எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வெளியேறினேன்.

சாமான்களை என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். இடுக்கி, ஓம் மீட்டர், கம்பிச் சுருள் எல்லாவற்றையும், தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு புதியவருக்கு அனுப்பி வைத்தேன். அவருக்கு அவை தேவை. 18650 பேட்டரிகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், முனைகளில் டேப் ஒட்டி கவுன்சில் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். மீதி நிகோடின் ஷாட்டை வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் அது விஷம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேப்பை விட்டால் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று உங்களுக்குள் சந்தேகம் இருந்தால் இப்போது விடாதீர்கள். சிகரெட்டின் புகையோடு ஒப்பிட்டால் வேப்பின் கெடுதல் மிகக் குறைவு. இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். அறிவுரையும் அதேதான்: சிகரெட்டுக்குத் திரும்பமாட்டோம் என்று உறுதியாகத் தோன்றிய பிறகே நிகோடின் அளவைக் குறைக்கத் தொடங்குங்கள் என்கிறது. யார் கேலி செய்தாலும் அவசரப்பட வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில் 20 மில்லிகிராம் பாட்டை 10-க்கு மாற்றுங்கள், அது பழகியதும் 5. வீட்டு டேங்கில் அந்தப் பாதி ஷாட் கணக்கைத் தொடங்குங்கள். அந்த மாதங்களில் குழுவில் இருங்கள், குறைக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள், கட்டாயம் யாராவது கணக்குப் போட்டு உதவுவார்கள். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து சில வாரங்கள் ஆனதும் விடைபெறும் கடிதத்தை எழுதுங்கள். உங்கள் மனதுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரின் போன் நம்பரை அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹேரோ அண்ணாவும் நானும் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். அவர் வீட்டுத் தோட்டத்துத் தக்காளி, மகளின் படிப்பு, இலங்கை கிரிக்கெட் அணி என்று பேச்சு ஓடும். கம்பி, காயில் பற்றி அவராக எடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை.