ஜிசிசி என்ற சி கம்பைலரின் 14-ஆம் பதிப்புக்கு மாறியதும் பழைய சி பேக்கேஜ் பில்ட் ஆகவில்லை. எரர்களை வார்னிங்காக்கிவிட்டால் போதாதா?

போதாது. எரர்களை வார்னிங்காக்கும் ‘-எஃப்பெர்மிசிவ்’ ஆப்ஷனைக் கொடுத்தால் பில்ட் ஓடிவிடும், பிழை பைனரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14 எரராக்கியவற்றில் முக்கியமானது, ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைப்பது. 1999-ஆம் ஆண்டு சி தரமே இதை நீக்கிவிட்டது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் ‘இன்ட்’ தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் பாயிண்டர் தருவதாக இருந்தால், 64 பிட் முகவரியின் கீழ்ப்பாதி மட்டுமே மிஞ்சும். புரோகிராம் எங்கோ போய் விழும்.

இதைத் திருத்துவது பெரும்பாலும் சுலபம்: அந்த ஃபங்ஷனின் அறிவிப்பு உள்ள, விடுபட்ட ஹெடர் கோப்பைச் சேர்க்க வேண்டும். சேர்த்தும் ஸ்டிரிங்கை நகலெடுக்கும் ‘எஸ்டிஆர்டப்’ ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்றால் பில்ட் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலைப் பாருங்கள். அங்கே ‘-எஸ்டிடி=சி99’ இருந்தால் ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) அதை மறைத்துவிடும். ‘ஜிஎன்யு99’ என்று மாற்றுங்கள், அல்லது ‘_ஜிஎன்யு_சோர்ஸ்’ மேக்ரோவை முதல் இன்க்ளூடுக்கு முன்பே டிஃபைன் செய்யுங்கள். பின்னால் போட்டால் பலன் இல்லை. ஃபங்ஷன் அறிவிப்பை நீங்களே கையால் எழுதிச் சேர்க்காதீர்கள். நாளை ஹெடரோடு முரண்படும்.

பாயிண்டர் வகை பொருந்தவில்லை என்ற எரருக்கு காஸ்ட் (கட்டாய வகைமாற்றம்) போட்டு மூடுவதும் தவறு. உதாரணமாக, எக்ஸ்எம்எல் படிக்கும் லைப்ரரியான லிப்எக்ஸ்எம்எல்2-வின் 2.12 பதிப்பில் எரர் ஹேண்ட்லருக்கு வரும் பாயிண்டர் ‘கான்ஸ்ட்’ ஆனது. ஹேண்ட்லரின் வரையறையைத்தான் மாற்ற வேண்டும். பழைய பதிப்பிலும் பில்ட் ஆக வேண்டுமென்றால், லைப்ரரியின் பதிப்பு எண் 21200-ஐ எட்டியதா என்று ‘இஃப்’ போட்டுப் பிரியுங்கள்.

உண்மையான ஆபத்து எரரே வராத இடத்தில், அதாவது சிஸ்டத்தில் என்னென்ன வசதி உண்டு என்று பில்டுக்கு முன் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் இருக்கிறது. பழைய ஸ்கிரிப்டின் சோதனை நிரல்களில் ‘மெயின்’ முன்னால் ‘இன்ட்’ இருக்காது, ‘எக்ஸிட்’ அழைப்புக்கு ஹெடர் இருக்காது. ஜிசிசி 14 அவற்றை நிராகரிக்கும். வசதி சிஸ்டத்தில் இருந்தும் ஸ்கிரிப்ட் ‘நோ’ என்று எழுதிக்கொள்ளும். பில்ட் பச்சையாக முடியும், பேக்கேஜில் ஓர் அம்சம் காணாமல் போயிருக்கும். ஆகவே ஜிசிசி 13, 14 இரண்டிலும் கான்ஃபிகர் ஓட்டி, சோதனை முடிவுகளோடு கிடைக்கும் ‘கான்ஃபிக்.ஹெச்’ கோப்புகள் இரண்டையும் டிஃப் எடுங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் அந்தச் சோதனை ஏன் தோற்றது என்று பாருங்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்கும் ‘ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ’ ஓட்டினால் ஆட்டோகான்ஃப் தானே உருவாக்கும் சோதனைகள் சரியாகும், ‘கான்ஃபிகர்.ஏசி’ கோப்பில் யாரோ எழுதி வைத்தவை ஆகாது, அவற்றை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

ஜிசிசி 15-இல் இயல்பான தரம் சி23. ஃபங்ஷன் அறிவிப்பில் வெற்று அடைப்புக்குறி இனி ‘வாய்ட்’ (ஆர்குமென்ட் இல்லை) என்றே பொருள்படும், ‘பூல்’ கீவேர்டு ஆகிவிட்டது. எனவே பழைய கால்பேக்குகளில் ஆர்குமென்ட் அதிகம் என்று எரர் வரும், சொந்தமாக ‘பூல்’ டைப்டெஃப் செய்த கோடு உடையும். பெரிய பேக்கேஜ் என்றால் ‘-எஸ்டிடி=ஜிஎன்யு17’ தற்காலிகமாகக் கைகொடுக்கும்.

பேட்ச் எழுதும் முன் அப்ஸ்ட்ரீம் (பேக்கேஜின் மூலத் திட்டம்) கிட் களஞ்சியத்தையும், ஃபெடோரா, டெபியன், ஜென்டூ லினக்ஸ்களின் பேட்ச்களையும் ஒருமுறை தேடுங்கள், பல பேக்கேஜ்களுக்கு ஏற்கெனவே திருத்தம் உண்டு. இல்லையென்றால் எழுதியதை மறக்காமல் அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்புங்கள்.