சிஸ்டர், கொஞ்சம் உட்காரலாமா?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் மருத்துவ அறையில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அன்றாட அழுத்தம், ஓய்வு பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே கணினி வேலை. மணிக்கொரு முறை இடைவேளை எடுக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் தலை கனக்கிறது. (சென்னை)

இடைவேளையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே! போன்தானே? கழுத்து அதே வளைவில் இருக்கிறது, கண்ணுக்கும் மாற்றம் இல்லை. பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்குப் போனதை உடம்பு ஓய்வுக் கணக்கில் சேர்க்காது. போனை மேசையிலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வாருங்கள். கண்ணுக்கு மட்டும் தனி வழி உண்டு: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ளதை 20 விநாடி பார்ப்பது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும்.

ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கணும். வீட்டுக்குப் போனால் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். (மதுரை)

உங்கள் கோபம் காலிலிருந்து ஏறி வருகிறது தங்கச்சி. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கும். வீக்கம், கடுப்பு, நாளடைவில் நரம்பு சுருட்டல் எல்லாம் அதனால்தான்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உட்காருவது சலுகை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்பதுதான் அது. கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அதற்குப் பல ஆண்டுகள் போராடியது. அவர்கள் தொடங்கியது நாற்காலியிலிருந்து அல்ல, கழிப்பறையிலிருந்து. கழிப்பறைக்குப் போக முடியாதே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்போடு வந்த பெண்களை எங்கள் அறையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இருந்தாலும் முதலாளி முறைப்பார், தெரியும். ஒருத்தி மட்டும் கேட்காதீர்கள், நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள். அதுவரை நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். சேலை மடிக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

வீட்டில்தான் இருக்கிறேன். உட்கார்ந்தாலே ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது அக்கா. (ஈரோடு)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

மில்லில் எனக்கு இடைவேளையை எழுதியே வைத்திருந்தார்கள். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தரணும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அடுப்படிக்கு அப்படி யார் எழுதி வைத்தார்கள்? அதனால் நீங்களே எழுதுங்கள். காலை ஐந்துக்கு எழுந்தால் பத்து மணியோடு ஐந்து மணி நேரம் ஆயிற்று. பத்து முதல் பத்தரை உங்களுடையது. தொட்டியில் பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும். வேலை முடிந்ததும் உட்காரலாம் என்றால், வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

மாமியாரிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள்: “பத்து மணிக்குக் கொஞ்ச நேரம் படுப்பேன் அத்தை.” ஓய்வு பெற்ற பிறகு நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வாரம் அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே உருண்டது. இரண்டாவது வாரம் என் மாமியாரும் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார்.

மில்லில் முழு நைட். காலையில் வந்து படுத்தால் இரண்டு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. (பல்லடம்)

வெளிச்சம்தான் எதிரி. சூரியனைப் பார்த்ததும் உடம்பு விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். ஜன்னலுக்குக் கெட்டியான போர்வையைக் கட்டுங்கள். கடைசி டீயை இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள். டீயில் உள்ள, தூக்கத்தை விரட்டுகிற காஃபீனில் பாதி கழியவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மறுபடியும் அரை நைட், பகல் என்று ஷிப்ட் மாறும்போது முதல் இரண்டு நாள் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். அந்த நாட்களில் பைக் ஓட்டுவதைக் குறையுங்கள்.

மதியம் தூங்கலாமா, கூடாதா?

தூங்கலாம், இருபது நிமிடம். ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் விழிப்பீர்கள். இரவுத் தூக்கம் வராதவர்களுக்கு மதியத் தூக்கம் வேண்டாம்.

படுத்ததும் நாளைய வேலையெல்லாம் மண்டைக்குள் சுற்றுகிறது.

தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். ‘கேஸ் புக் பண்ணணும்’ என்ற அளவுக்கு விவரமாக எழுதணும். அப்புறமும் சுற்றினால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகும். விடுகிற நேரத்தை நீட்டுவது அதற்காகத்தான்.

ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடக்கிறேன். திங்கள் காலை பழைய களைப்பு அப்படியே இருக்கிறது.

ஆறு நாள் பட்டினி கிடந்துவிட்டு ஏழாம் நாள் விருந்து சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும்? பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890-இல் வாங்கித் தந்த ஞாயிறு அது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது தினசரி இடைவேளைக்கு மேல் கிடைக்க வேண்டியது.

எங்கள் மில்லில் ஒரு சைடர் பெண், அதாவது இயந்திரத்தில் அறுந்த நூலை ஒட்டுகிறவள், தினமும் பதினொரு மணிக்குத் தலைவலி மாத்திரை கேட்டு வருவாள். ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரத்தின் இரைச்சலில் காலையிலிருந்து நிற்பவள். “பத்து நிமிஷம் உட்காரு, அப்புறம் தருகிறேன்” என்பேன். கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். பாதி நாள் மாத்திரையை மறந்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஓய்வெடுத்தும் எதிலும் மனசு ஒட்டவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. மூன்று வாரமாகிறது.

இதை ஓய்வோடு நிறுத்தாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்று தோன்றினால் இன்றைக்கே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நெஞ்சை அடைக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவரும் அதை டென்ஷன் என்று தள்ளிவிடாமல் இப்போதே மருத்துவமனைக்குப் போகணும்.

ப்ளஸ் டூ படிக்கிறேன். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிறார்களே, சரிப்படுமா சிஸ்டர்?

சரிப்படும் கண்ணு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த வழி. தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்ததால் தக்காளிக்கு அவர்கள் மொழியில் உள்ள ‘போமோடோரோ’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 25 என்பது கல்வெட்டு இல்லை. கணக்கு பாதியில் நின்றால் முடித்துவிட்டு எழுந்திரு. ஆனால் அந்த 5 நிமிடம் 40 ஆகக் கூடாது. போன் அலாரம் வேண்டாம், கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். பரண் மேல் பழைய டைம்பீஸ் கிடக்கிறதா என்று தாத்தாவிடம் கேள்.