ஏணியில் பிடித்த முதுகை மறைக்க வேண்டாம்

தம்பி, கிடங்கு வேலையில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது என்றும், பெட்டியோடு ஏணியில் இறங்கும்போது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது என்றும், தகுதிகாண் காலத்தில் இதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். மறைக்க வேண்டாம், இன்றைக்கே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

நானும் புலம்பெயர்ந்து வந்த முதல் ஆண்டில் இதே அச்சத்தால் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. வலி காலுக்கு இறங்கி, நிற்கவே முடியாமல் மருத்துவரிடம் போனபோது, அது வேலையில் வந்தது என்று காட்ட என்னிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை; வீட்டில் எதையோ தூக்கியிருப்பீர்கள் என்று நிர்வாகம் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஏணியிலிருந்து விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஏணியின் நடுவில் முறுக்கிக்கொண்ட முதுகுக்குச் சாட்சி கிடையாது. ஆகவே நாள், நேரம், தூக்கிய பெட்டியின் எடை, அருகில் இருந்தவர் யார் என்பதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் வேலையில் நேர்ந்தது என்றே சொல்லிப் பதியச் செய்யுங்கள். இழப்பீடு கோருவதற்கான காலக்கெடு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், உங்கள் பகுதியின் விதியை இந்த வாரமே கேட்டறியுங்கள்.

முதுகைக் கெடுப்பது பெரும்பாலும் ஏறுவதல்ல. ஒரு கையில் சுமையோடு, ஏணியை நகர்த்தச் சோம்பி, பக்கவாட்டில் எட்டி உடலைத் திருப்புவதுதான். அந்த முறுக்கில், இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுகளில் கடைசி இரண்டுதான் அதிகம் அடிபடுகின்றன. தட்டுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அது ஆறுவதற்கு நாளாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கால், ஒரு கை அல்லது இரண்டு கை, ஒரு கால் எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும் என்பது விதி. கையில் பெட்டி இருந்தால் அது நடவாது. பெட்டியை இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும், இல்லையேல் மேடையுள்ள படிக்கட்டைக் கேளுங்கள். சாய்த்து வைக்கும் ஏணி என்றால், 4 மீட்டர் உயரத்துக்கு அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அவசரத்தில் கடைசிப் படிகளிலிருந்து குதிக்காதீர்கள்.

நாள் கணக்கில் படுத்தே கிடக்காமல், தாங்கும் அளவுக்கு மெல்ல நடங்கள். ஆனால் தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.